ஸ்பூரியஸின் மெழுகு முகம்

வெனாஃப்ரம்
ஜனவரி நடுநாளுக்கு மறுநாள்

தெர்தியா தன் அண்ணன் டைட்டஸ் கெகானியஸுக்கு எழுதுவது. நீங்கள் நலமாயின் நன்று. நான் நலமாக இல்லை.

என் கணவர் நூமெரியஸ் பாக்கியஸ் இறந்துவிட்டார். எண்ணெய் ஆட்டும் பருவம். செக்கின் அருகே நின்று ஆட்களை ஏவிக்கொண்டிருந்தவர், பேச்சின் பாதியில் அப்படியே சாய்ந்தார். செய்தி ரோமை எட்டுமுன் சிதை மூட்ட வேண்டியிருந்தது. ஆகையால் நீங்கள் வராததற்குக் குறை சொல்லமாட்டேன். எங்கள் திருமணத்துக்கு வராததற்குத்தான் இன்றும் குறை சொல்கிறேன். புனித அப்பத்தைப் பங்கிட்டுச் செய்யாத மணம் மணமே அல்ல என்று அப்பா சொன்னார். நீங்கள் அவருக்குப் பின்னால் வாய் திறவாமல் நின்றீர்கள்.

அம்மா மட்டும், உயர்குடிப் பெண் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கப்படி, நம் முன்னோரின் மெழுகு முகங்களுக்குப் படியெடுத்துப் பேழைகளில் வைத்து என்னோடு அனுப்பினாள். இத்தனை ஆண்டும் அவை எங்கள் கூடத்தில் இருந்தன. "எண்ணெய்க்காரன் வீட்டுச் சுவர்ல அடுத்தவன் தாத்தாவெல்லாம் குடியிருக்காங்க" என்று ஊரார் கேலி பேசுவார்கள். அவர் தாமும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் விழாநாள்களில் அந்தப் பேழைகளைத் துடைக்க வேறு எவரையும் விட்டதில்லை.

அந்த மனிதரின் கடைசிப் பயணத்தில் என் முன்னோர் நடக்கட்டும் என்று முடிவுசெய்தேன். கபுவாவிலிருந்து நடிகர்களை வரவழைத்தேன். முகங்களை அணிந்து, அவரவர் வகித்த பதவியின் உடையில், பாடைக்கு முன்னே அவர்கள் நடந்தார்கள். கடைசியாக ஸ்பூரியஸ் வந்தான். முடிசூட ஆசைப்பட்டவனைச் சந்தை நடுவே தன் கையால் குத்திக் கொன்ற நம் ஸ்பூரியஸ், நெற்றியில் வெடிப்புள்ள அந்த முகம். அதை அணிந்த நடிகன் நெட்டையன். சதுக்கத்தின் திருப்பத்தில், எவரும் சொல்லாமலே, இடுப்பிலிருந்த மரக்கத்தியை உருவி உயர்த்தினான். கூட்டம் ஆரவாரித்தது. பூட்டுக்கொல்லன் ஒப்பியஸ், "ஏம்ப்பா ஸ்பூரியஸ், அடுத்த குறி யாருக்குப்பா?" என்று குரல் கொடுத்தான். அழுதுகொண்டிருந்த நானே சிரித்துவிட்டேன்.

பாடைக்குப் பின்னால் வந்த என் மகன் டெசிமஸும் சிரித்தான். சிரித்தால் இடப்பக்க உதடு மட்டும் மேலேறும் நம் குலத்து வாய் அவனுக்கு. மெழுகு முகங்களிலும் அது பதிந்திருக்கிறதே. அருகில் நின்ற ஒருத்தி, "பாட்டன்மாரு முன்னால போறாங்க, அதே வாய் பின்னால வருது பாரு" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அண்ணா, உங்களுக்குப் பிள்ளை இல்லை. டெசிமஸுக்குத் தந்தை இல்லை. அவனை மகனாக ஏற்று நம் பெயரைக் கொடுங்கள். நான் உங்களிடம் கேட்கும் முதல் வேண்டுதல் இது.


ரோம்
பிப்ரவரிப் பிறப்புக்கு முன்

டைட்டஸ் கெகானியஸ் தன் தங்கை தெர்தியாவுக்கு. நீ நலமெனில் எனக்கும் நலமே.

உன் கணவனுடைய ஆவிக்குப் பாலும் மதுவும் வார்த்தேன். அவனை ஒருமுறையேனும் நேரில் கண்டிருக்க வேண்டும். அதைப் பற்றி இதற்குமேல் எழுதுவது எனக்கு எளிதன்று.

பேழைகளை மூடிவை. விழாநாள் வந்தாலும் திறக்காதே. வருவோர் போவோரிடம் அவை யாருடைய முகங்கள் என்று விளக்கிக்கொண்டிராதே. ஊர்வலத்தில் வெளியூரார் எவரேனும் இருந்தனரா என்பதையும், அந்தக் கொல்லனின் பேச்சைக் கேட்டு யார் யார் சிரித்தனர் என்பதையும் நினைவுகூர்ந்து பார். எனக்கு எழுத வேண்டா. உனக்குத் தெரிந்திருந்தால் போதும்.

டெசிமஸ் பற்றிக் கேட்டாய். அவன் பாக்கியஸின் மகன், பாக்கியஸாகவே இருக்கட்டும். ஒலிவத் தோப்பும் செக்கும் அவனுக்குப் போதுமானவை. எங்கள் குலப்பெயரை அவனுக்கு நான் தரமாட்டேன். இதனை மீண்டும் கேளாதே.

மார்ச் நெருங்குகிறது. மார்ஸ் தேவனுக்குக் கேடயம் ஏந்தி ஆடிப்பாடும் பூசகர்களில் ஒருவனாகையால், கேடயங்களை எடுத்து வைத்துப் பாடல்களை ஒப்புவித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பழம்பாடலின் சொற்களுக்குப் பொருள் இன்று எங்களில் எவருக்கும் தெரியாது. ஆயினும் ஓரெழுத்து பிசகினாலும் முதலிலிருந்து பாடவேண்டும். பொருள் விளங்கும் பெயர் அதில் ஒன்றே ஒன்று; அண்மையில் சேர்க்கப்பட்ட சீசரின் பெயர். அதைப் பாடும்போது எங்களில் யார் குரல் தாழ்கிறது என்று கவனிப்பதற்கென்றே சிலர் வந்து நிற்கின்றனர்.


வெனாஃப்ரம்
பிப்ரவரி நடுநாளுக்கு முன்

தெர்தியா தன் அண்ணனுக்கு.

"எங்கள் குலப்பெயர்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் என்று எழுதக் கை வரவில்லை போலும். அப்பா இறந்த பிறகும் அவருக்குப் பின்னால்தான் நிற்கிறீர்கள். என் கணவரை நேரில் கண்டிருக்க வேண்டும் என்ற ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்து, அடுத்த வரிகளுக்கு வந்ததும் கடிதத்தை மடித்துவிட்டேன்.

பேழைகளை நான் மூடவில்லை. மூடச் சொன்னவர் காரணம் சொல்லவில்லை. எண்ணெய்க்காரன் வீட்டில் அவை திறந்திருப்பது உங்களுக்குக் கூச்சம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவுமில்லை.

உங்களுக்குக் கூச்சமான இடத்தில் பிறர் மதிப்பைக் காண்கிறார்கள். சென்ற வாரம் ரோமிலிருந்து ஃபிர்மஸ் என்று ஒருவர் வந்தார். பழங்குடிகளின் வரலாற்றைத் திரட்டுகிறாராம். அடக்கமான மனிதர், ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொண்டுவந்தார். பேழை பேழையாக நின்று, ஒவ்வொரு முகத்தின் கீழும் எழுதியிருப்பதை உரக்கப் படித்தார். ஸ்பூரியஸின் முன் நெடுநேரம் நின்றார். "அம்மா, இவர் நடந்த அன்னைக்கு நான் இல்லாமப் போயிட்டேனே. கத்தியெல்லாம் உருவினாராமே? அதுக்கு யாரோ ஒருத்தர் நல்லா ஒரு வார்த்தை சொன்னாராமே?" என்று கேட்டார். நான் ஒப்பியஸின் பெயரைச் சொன்னேன். அந்த வேடிக்கையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

டெசிமஸ் உள்ளே வந்தபோது ஃபிர்மஸ் அவனையும் பார்த்தார், சுவரையும் பார்த்தார். "தம்பி, கொஞ்சம் சிரிங்க" என்றார். அவன் சிரித்தான். "சரிதான்" என்று மட்டும் சொன்னார்.

இன்று வாயில் பூட்டைச் செப்பனிடக் கொல்லனை அழைத்துவரச் சொன்னேன். ஒப்பியஸின் பட்டறை சாத்தியிருக்கிறதாம். உலையில் நெருப்பு அணைக்கப்படவில்லையாம். அவன் மனைவி என் ஆளைக் கண்டதும் கதவை மூடிக்கொண்டாளாம். அவளுக்கு நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை.


ரோம்
உன் எண்ணெய் வண்டிக்காரன் ஃபைலோவின் கையில். வேறெவர் கையிலும் மறுமொழி அனுப்பாதே.

தங்காய்,

முத்திரையிட்டு அனுப்பிய உன் கடிதங்கள் வேறு முத்திரையோடு வந்து சேர்ந்தன. உன் மோதிரக் கல்லில் ஒரு கீறல் உண்டு. வந்த மெழுகில் அக்கீறல் இல்லை. ஆதலால்தான் முன்னர் காரணம் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஃபிர்மஸ் வரலாறு திரட்டுபவன் அல்லன். பிறர் பேச்சைத் திரட்டி மேலவையில் வழக்காக்குவது அவன் தொழில். இந்தச் சீசர் பழங்குடிகளுக்கு அஞ்சுகிறார். தம்மைவிட மூத்த பெயர் எதைக் கேட்டாலும் அவருக்கு உறக்கம் கெடுகிறது. சென்ற இலையுதிர்காலத்தில் என் சக பூசகர் ஒருவர், பாட்டனார் சிலைக்கு மாலையிட்டதற்காக விசாரிக்கப்பட்டார். இவ்வாண்டு அவருடைய கேடயத்தை வேறொருவர் ஏந்துகிறார்.

இத்தகைய காலத்தில், அரசனாக ஆசைப்பட்டவனைக் கொன்றவன் முகம் ஓர் ஊர்ச் சதுக்கத்தில் கத்தியை உயர்த்திற்று. அடுத்தவன் யார் என்று ஒருவன் கேட்டான். கூட்டம் சிரித்தது. உனக்கு இது வேடிக்கை. மேலவையில் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டுகிறவன் குரலில் இதை நீயே ஒருமுறை சொல்லிப் பார்.

நம் கூடத்தில் ஸ்பூரியஸின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்து ஆண்டுகள் ஆயின. உனக்கு அதைச் சொல்லவில்லை. எழுத அஞ்சினேன், நேரில் சொல்ல நாம் பேச்சுவார்த்தையில் இல்லை. உயர்குடி என்றால் நம் மொழியில் அறியப்பட்டவர் என்றே பொருள். அறியப்படுவதற்காக நம் முன்னோர் மெழுகில் முகம் விட்டுச் சென்றனர். இன்று ரோமில் மூச்சுவிடுகிறவன் அறியப்படாதவன் ஒருவனே. டெசிமஸுக்கு என் பெயரைத் தர மறுத்தது அதனால்தான். நான் அவனுக்குக் கொடுக்கக்கூடியது அந்த மறுப்பு ஒன்றே.

கேடயங்கள் உறைக்குள் போனதும் மேலவை முன் வருமாறு எனக்கு ஆணை வந்துவிட்டது. வழக்கு என்மேல் நிற்கலாம். உன்மேலும் உன் மகன்மேலும் பரவலாம். பரவாமலிருக்க ஒரு வழி உண்டு. ஊர்வலத்துக்கு நடிகர்களை ஏற்பாடு செய்தவன் நான், உன் வீட்டை அதற்கு ஒரு சாக்காகக் கொண்டேன், ஒன்றுமறியாத வணிகன் மனைவி நீ என்று சொல்லப்போகிறேன். விரைவில் உனக்குப் பொதுவழியில் ஒரு கடிதம் வரும். அதில் உன்னை இழித்துரைப்பேன். அதைச் சதுக்கத்தில் உரக்கப் படிக்கச் செய். நீ மட்டும் அதை நம்பாதே.

முகங்களை உருக்கிவிடு. எண்ணெய் வீட்டில் மெழுகுக்கு வேலையா இல்லை? ஜாடிகளின் வாயை அடை.


வெனாஃப்ரம்
மார்ச் பிறப்புக்கு முந்தின நாள். ஃபைலோவின் கையில்.

அண்ணா,

ஒப்பியஸின் பெயரைச் சொன்னது என் வாய். பேரீச்சம்பழத்தைத் தின்றுகொண்டே சொன்னேன். நேற்று அவன் மனைவியைப் பார்க்கப் போனேன். உள்ளே விடவில்லை. கதவுக்கு அப்பாலிருந்து, "நீங்க பெரிய இடம்மா. உங்க வீட்டுத் தாத்தா கத்தி எடுத்தா ஊர்வலம். எங்க வீட்டுக்காரரு வாயெடுத்தா பிடிச்சுட்டுப் போயிட்டாங்க" என்றாள்.

நானே ரோமுக்கு வந்து, எல்லாம் என் செயல் என்று சொல்லப் பெட்டியும் கட்டினேன். ஃபைலோ சுமையைக் கழுதைமேல் ஏற்ற மறுத்துவிட்டான். "அம்மா, நீங்க போய் நின்னா, உங்க பின்னாலயே தம்பியும் வந்து நிக்கும். அப்புறம் ரோம்ல அய்யா பழியைத் தலையில ஏத்துக்கிறது யாருக்காக?" என்று கேட்டான். என் கணவரிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவன் அவன். பெட்டியை அவிழ்த்துவிட்டேன்.

ஃபிர்மஸ் மீண்டும் வந்தார், இம்முறை வெறுங்கையோடு. நான் தோப்பில் இருந்தேன். ஊர்வல யோசனை யாருடையது என்று டெசிமஸிடம் கேட்டிருக்கிறார். நல்லவேளை, நீங்கள் எழுதியதை அவனுக்கு முன்பே சொல்லிவைத்திருந்தேன். "எங்களுக்கு என்னங்க தெரியும், ரோம்ல மாமா சொன்னாரு, அம்மா செஞ்சாங்க" என்று அவன் சொன்னானாம். சொல்லிவிட்டு அன்று முழுவதும் உணவைத் தொடவில்லை. "நான் பார்த்தேயிராத மனுஷன் தலையில என் கையாலயே கல்லைப் போட வச்சிட்டியேம்மா" என்றான்.

அத்திமரத்திலிருந்து நான் விழுந்த நாள் நினைவிருக்கிறதா? நீங்கள் ஓடிவந்து தாங்கினீர்கள். எனக்குச் சிராய்ப்புகூட இல்லை, உங்கள் கை முறிந்தது. நீங்கள் கேடயத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடிப்பது அதனால்தான் என்று டெசிமஸிடம் சொல்லியிருக்கிறேன். உங்களைப் பற்றி அவனுக்கு நான் சொன்ன நல்ல கதை அது ஒன்றுதான். இன்னும் இருந்தன. கோபத்தில் சொல்லாமல் விட்டேன்.

நீங்கள் சொன்னபடி கடிதத்தைப் படிக்கச் செய்கிறேன். ஆனால் முகங்களை உருக்கு என்கிறீர்களே. உலையில் கொப்பரையை ஏற்றினேன், ஸ்பூரியஸைக் கையில் எடுத்தேன், திரும்பவும் பேழையில் வைத்துவிட்டேன். அம்மாவின் விரல்பட்ட மெழுகு அது. என்னால் முடியவில்லை.


ரோம்
மார்ச் நடுநாள். பொதுவழியில்.

டைட்டஸ் கெகானியஸ், இறந்துபோன எண்ணெய் வணிகன் பாக்கியஸின் மனைவிக்கு. நலம் கேட்கும் உறவு நமக்குள் இல்லை, ஆகவே கேட்கவில்லை.

உன் வீட்டுச் சாவுக்கு என் முன்னோரை அனுப்பியவன் நான். நடிகர்களுக்கு ஆணையிட்டவனும் நான். எந்த முகம் எதற்காகக் கத்தி எடுத்தது என்பது ஒலிவ விதை பொறுக்குகிறவளுக்கு எப்படித் தெரியும்? உனக்குத் தெரிந்திருக்கும் என்று எவரேனும் எண்ணினால், அது உனக்கு அவர்கள் தரும் அளவுகடந்த மரியாதை.

புனித அப்பத்தைப் பங்கிடாமல் போனவள் குலத்தை விட்டே போனவள். என் தந்தை அன்று சொன்னது சரி. உன் மகன் தன்னை எம்மவன் என்று சொல்லித் திரிவதாகக் கேள்வி. அவன் முகத்தில் எங்கள் சாயல் இருப்பதாகச் சொல்வோர் கண் மருத்துவனைப் பார்க்கட்டும். சந்தையில் பிறந்த பிள்ளைகள் எல்லோரும் ஒருவகையாகத்தான் சிரிப்பார்கள்.

சிறுவயதில் உன் பொருட்டு என் கை முறிந்தது என்றும் நீ சொல்லிக்கொள்வதாக அறிந்தேன். அது பொய். என் கை வேறெதனாலோ முறிந்தது.

இன்று கடைசி ஆட்டம் ஆடினோம். பாடலில் ஓரெழுத்தும் பிசகவில்லை. எல்லாப் பெயர்களையும் ஒரே குரலில் பாடினேன். கேடயங்கள் உறைக்குள் போகின்றன. அதன் பிறகு நான் ஓரிடத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. இறந்தபின் என் முகத்தை மெழுகில் எடுக்க வேண்டா என்று வீட்டாருக்குச் சொல்லிவிட்டேன். நீ அதை அறியவேண்டிய தேவையில்லை, எழுதிவிட்டேன்.

எங்கள் முகங்களில் எதுவேனும் உன் வீட்டில் எஞ்சியிருந்தால், அதை வைத்துக்கொள்ளும் உரிமை உனக்கில்லை.


வெனாஃப்ரம்
மார்ச் நடுநாளுக்குப் பின். பொதுவழியில்.

மேன்மைமிகு டைட்டஸ் கெகானியஸ் அவர்களுக்கு, எண்ணெய் விற்கும் பாக்கியஸின் மனைவி எழுதுவது.

தங்கள் கடிதத்தைச் சதுக்கத்தில் ஊர் முரசறைவோன் படித்தான். எல்லோரும் கேட்டார்கள். ரோமிலிருந்து வந்த ஃபிர்மஸ் என்பவரும் தூணோரம் நின்று கேட்டார். படித்து முடித்ததும் ஊர்ப் பெரியவர் ஒருவர், "இத்தனை வருஷமா உன் வீட்டுக்காரரு அந்தச் சுவத்துக்குத் துணி போட்டுத் தொடச்சாரேம்மா, கடைசியில அவங்க உன்னைய வாசப்படிகூட ஏத்தலையே" என்றார். சிலர் சிரித்தார்கள். நான் தலைகுனிந்து நின்றேன். தங்கள் சொற்களில் ஒன்றையும் மறுக்க எனக்குத் தகுதியில்லை.

ஃபிர்மஸ் வீட்டுக்குள் வந்து பேழைகளைத் திறந்து பார்த்தார். அவை வெறுமையாக இருந்தன. உள்ளே வெங்காயம் போட்டுவைத்திருக்கிறோம்; எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் பயன். அவர் வாயிலில் நின்று என் மகனைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புறப்பட்டார். இந்த ஊரை விட்டுப் போய்விட்டாரா, பக்கத்தில் எங்கேனும் தங்கியிருக்கிறாரா என்பது தெரியவில்லை.

தங்கள் கை எதனால் முறிந்தது என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி இனி யாரிடமும் பேசமாட்டேன்.

இப்பருவத்து முதல் எண்ணெயில் ஒரு ஜாடி தங்கள் வீட்டுக்கு அனுப்புகிறேன். வணிகர் பெரிய இடங்களுக்கு அனுப்பும் வழக்கமான காணிக்கைதான். வேறு பொருள் கொள்ள வேண்டியதில்லை. இவ்வாண்டு ஜாடிகளின் வாயை எல்லாம் வீட்டில் கிடந்த பழைய மெழுகால் அடைத்தோம். என் கையாலேயே உருக்கினேன். தங்களுக்கான ஜாடியில் மட்டும் மெழுகு ஆறும்போது நடுவே வெடித்துவிட்டது. மீண்டும் பூசினேன், மீண்டும் அதே இடத்தில் வெடித்தது. அப்படியே அனுப்புகிறேன். திறப்பவர்கள் நிதானமாகத் திறக்கட்டும்.

தாங்கள் போகவேண்டிய இடத்துக்குப் போகுமுன் ஜாடி வந்து சேர வேண்டுமென்று ஃபைலோவிடம் சொல்லியிருக்கிறேன். அவன் இரவிலும் வண்டியை நிறுத்தமாட்டான்.

இது தந்தையை இழந்த வீடு. துக்கம் இன்னும் கழியவில்லை. ஆகவே, வெளியே எங்கும் சிரிக்க வேண்டாம் என்று என் மகனிடம் சொல்லியிருக்கிறேன்.